பதினான்காவது கோரிக்கை

ஜனவரி 8, வியாழன்

இன்று பட்டியல் எழுதும் நாள். எங்கள் பல்கலைக்கழக அலுவலர் சங்கத்துக்குப் பதினெட்டு வருடமாகக் கோரிக்கைப் பட்டியல் எழுதுகிறவள் நான்தான். தேர்வுத் துறைக் கண்காணிப்பாளர் ஆவுடையம்மாள் என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். பட்டியல் எழுதுற அக்கா என்று கேட்டால் கேட் வாட்ச்மேன்கூட என் மேசைக்கு வழி சொல்வார். சங்கத்தில் இணைச் செயலாளர். மே மாதம் ஓய்வு பெறுகிறேன். ஆக, இதுதான் நான் எழுதும் கடைசிப் பட்டியல்.

மொத்தம் பதினான்கு கோரிக்கைகள். மூன்றாவதுதான் உயிர். தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காகக் கிடக்கும் நாற்பத்தாறு பேரை நிரந்தரமாக்க வேண்டும். அதை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் போய் உட்காருவேன் என்று பொதுக்குழுவில் வாய் விட்டாகிவிட்டது.

பட்டியல் போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் நான்கு வாங்கியே தீர வேண்டியவை. நடுவில் உள்ளவை பேரம் பேச. கடைசி மூன்று விட்டுக்கொடுப்பதற்கென்றே வைப்பவை. நாம் மூன்றை விட்டால் நிர்வாகத்துக்கும் ஜெயித்த மாதிரி இருக்கும், முதல் நான்கில் கையெழுத்துப் போட மனசு வரும். நானும் தலைவர் சுடலைமுத்துவும் எங்களுக்குள் அவற்றைக் கறிவேப்பிலை என்போம். இது வெளியே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

பன்னிரண்டும் பதிமூன்றும் துப்புரவுப் பெண்களுக்குக் கையுறையும் உடை மாற்ற ஓர் அறையும். இவை ஆறு வருடமாக அதே இடத்தில்தான் இருக்கின்றன. இந்த வருடம் பதினான்காவதாக ஒன்று புதிதாக வந்திருக்கிறது. திருநங்கை, திருநம்பி ஊழியர்களின் பெயரையும் பாலினத்தையும் பணிப்பதிவேட்டில் திருத்த வேண்டும், கழிப்பறை வசதி வேண்டும் என்பது. எங்கள் துறையில் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்த மனு அது.

சுடலைமுத்து பட்டியலைப் பார்த்துவிட்டு, "எடம் சரியாத்தான் போட்டிருக்கிய யக்கா" என்றார்.

ஜனவரி 9, வெள்ளி

காஸ் பதிந்தேன். இவருக்கு மூட்டு வலித் தைலம் தீர்ந்துவிட்டது.

அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதிவிடுகிறேன். தாமரைச்செல்வி என்று பெயர். விடைத்தாள்களில் மாணவர் எண்ணை மறைத்து வேறு எண் போட்டுக் கட்டுகிற வேலை. ஒன்பது வருடமாக மூன்றாவது மாடியில் அந்தக் கட்டு அறையில்தான். முன்பு வேறு பெயர், பேன்ட் சட்டை. போன ஜூனில் ஒரு திங்கட்கிழமை சேலை கட்டி வந்தது. அரசிதழில் பெயர் மாற்றியாகிவிட்டது, அடையாள அட்டை வாங்கியாகிவிட்டது. எங்கள் அலுவலகம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வருகைப் பதிவேட்டில் புதுப் பெயரில் கையெழுத்துப் போட்டால் பிரிவு அலுவலர் சிவப்பு மையில் சுழித்துவிடுகிறார். அதனால் தினம் காலையில் பழைய பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறது.

நாற்பத்தாறு பேரில் அதுவும் ஒன்று. நிரந்தரம் ஆவதற்கு முன் சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும். பதிவேட்டில் இருக்கிற ஆளும் நேரே நிற்கிற ஆளும் ஒன்றுதான் என்று அதிகாரி எழுத வேண்டும். பெயர் திருத்தாமல் சேலையில் போய் நின்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். மூன்றாவது கோரிக்கை கிடைத்தாலும் பதினான்காவது கிடைக்காவிட்டால் தாமரைச்செல்விக்கு வேலை இல்லை.

மத்தியானம் வந்து கேட்டது.

"அக்கா, நம்மது எத்தனாவது போட்டிருக்கு?"

"பதினாலு."

"கடைசியாக்கா?"

"கடைசியில இருக்கிறதுதான் படிக்கிறவன் மனசுல நிக்கும்" என்றேன்.

"அப்பச் சரிக்கா" என்று சிரித்துக்கொண்டே போனது. சங்க வேலையில் இந்த மாதிரி நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். இதில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 21, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். வந்ததும் வராததுமாக ராமலெட்சுமி பஞ்சாயத்தைக் கூட்டினாள். என் துறையில் உதவியாளர். மனசில் பட்டதைப் பட்டென்று பேசுகிற ஆள்.

"யக்கா, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. இந்தக் கட்டடத்துக்கே நமக்குன்னு ஒரு பாத்ரூம்தான் இருக்கு. அதுல அவங்களும் வந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கும். கோரிக்கையில போடுறதுக்கு முன்ன எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

மனசு விசாலமாக இருக்க வேண்டும், சங்கம் என்றால் எல்லாருக்கும் பொது, சக ஊழியரை ஒதுக்கக் கூடாது என்று பத்து நிமிடம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். ராமலெட்சுமி முனகிக்கொண்டே போய்விட்டாள்.

சாயங்காலம் கட்டு அறைக்கு ஒரு வேலையாகப் போனேன். தாமரைச்செல்வியின் தண்ணீர் பாட்டில் காலையில் வைத்தபடியே நிரம்பி இருந்தது. குடிக்கவில்லையா என்று கேட்டேன். "வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிடுவேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் கட்டுக்குச் சணல் சுற்றியது. குடித்தால் போக இடம் வேண்டும் என்பது எனக்குப் படி இறங்கும்போதுதான் உறைத்தது. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை, ஏழு மாதமாக.

இன்று நானும் பகலெல்லாம் அந்தப் பாத்ரூமுக்குப் போகவில்லை. வேலை அதிகம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கோரிக்கைகளுக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்கும் வேலையைத் தாமரைச்செல்வியிடம் கொடுத்திருந்தோம். வேறு யாரும் முன்வரவில்லை, அதுதான் காரணம். ஒரு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பூச்சியியல் துறையில் ஓர் ஊழியர் இருக்கிறார் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். அவரிடமும் வாங்கி வந்திருக்கிறது.

பதினான்காவதை மட்டும் சொல்லிக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். துப்புரவுப் பெண்களில் மூத்தவள் முத்துப்பேச்சி, வராந்தாவைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பிள்ளை பதினாலையும் வரிசையா வாசிச்சுக் காட்டுச்சும்மா. எங்களுக்குக் கையுறை கேட்டிருக்கியன்னு இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

எதற்கு எல்லாவற்றையும் வாசித்தாய் என்று தாமரைச்செல்வியிடம் கேட்டேன். "சங்கம்னா பட்டியல் பூராவும் சொல்லணும்லக்கா. என்னோடத மட்டும் சொன்னா அது பிச்சை கேக்குற மாதிரி ஆயிரும்" என்றாள்.

இதுவரை 'வந்தது, போனது' என்று எழுதிவிட்டு, மேலே 'என்றாள்' என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. பட்டியலுக்குப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து பதிலும் இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

வேலைநிறுத்தம் தொடங்கியது. நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டோம். விடைத்தாள் கட்டுகள் அப்படியே கிடக்கின்றன. ரிசல்ட் வராவிட்டால் மேலே இருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும் என்பதால் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தது என் யோசனை.

கோஷம் போட ஆள் தேடினோம். சுடலைமுத்துவுக்கு இரண்டாவது வரியிலேயே இருமல் வந்துவிட்டது. தாமரைச்செல்வி மைக்கை வாங்கினாள். அந்தக் குரல் கேட்டு எதிரே கேன்டீனில் இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் கையில் தட்டோடு வந்து நின்றார்கள். ஒன்பது வருடம் சணல் கட்டுக்குள் இப்படி ஒரு குரலா என்று இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பதினான்காவதை எதற்கு வைத்திருக்கிறோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 18, புதன்

பந்தலில் இருப்பவர்களுக்கு நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்துப் பாத்ரூம்தான். பதினொரு மணி வெயிலில் தாமரைச்செல்விக்குத் தலை சுற்றிவிட்டது. முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். ராமலெட்சுமி தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"குடி."

"வேண்டாம்க்கா."

"குடிட்டி. முழுசாக் குடி. பொறவு நான் கூட வாரேன். வாசல்ல நிக்கேன், எவ என்ன சொல்லுதான்னு பாப்போம்."

இரண்டு பேரும் எழுந்து போனார்கள். திரும்பி வரும்போது ராமலெட்சுமி ஏதோ சொல்ல, தாமரைச்செல்வி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு வந்தாள். பாத்ரூமைப் பற்றி என்னோடு சண்டை போட்டவள் ராமலெட்சுமிதான். விசாலமான மனசைப் பற்றிப் பேசிய நான் பந்தலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். நான் கூப்பிட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

எட்டாவது நாள். பதிவாளர் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். சுடலைமுத்து, நான், நூலகத்து ஜெபமணி மூன்று பேரும் போனோம். டீ, முந்திரி பிஸ்கட். பிஸ்கட் வந்தால் இறங்கி வருகிறார்கள் என்று அர்த்தம்.

பதிவாளர் பட்டியலைப் புரட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆவுடையம்மா, உங்க பட்டியலை நானும் எத்தனை வருசமாப் பாக்கேன். மூணாவதைத் தாரேன். நாப்பத்தாறு பேரும் நிரந்தரம். ஆட்சிக்குழுவுல நான் பேசிக்கிடுதேன். வழக்கம்போல கடைசி மூணை எடுத்திருங்க. இன்னைக்கே எழுதிருவோம்."

வழக்கம்போல என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. இது எங்கள் இரண்டு பேர் ரகசியம் என்று அல்லவா இருந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் செயற்குழு. எட்டுப் பேர். நாற்பத்தாறு குடும்பமா, மூன்று சில்லறைக் கோரிக்கையா என்று சுடலைமுத்து கேட்டார். அப்படிக் கேட்டால் பதில் ஒன்றுதான் வரும். தாமரைச்செல்விக்கு மூன்றாவதே போய்விடுமே என்றார் ஜெபமணி. சரிபார்ப்பு அன்றைக்கு ஏதாவது அனுசரித்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. கை தூக்கிப் பார்த்தோம். எதிர்த்தவர் ஜெபமணி மட்டும்.

வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். ஜெயித்துவிட்டீர்களாமே என்று இவர் கேட்டார். ஆமாம் என்றேன். "பெறகு ஏன்ட்டி மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். உளுந்து சரியில்லை என்றேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தைக் கையால் எழுதி முடித்து, சங்க அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவளிடம் கொடுத்து, "இதை அடிச்சிரு, மூணு பிரதி" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டேன். சங்கத்தில் வேகமாகத் தட்டச்சு செய்கிறவள் அவள்தான். ஆறு வருடமாக அறிக்கை, நோட்டீஸ், அழைப்பு எதுவானாலும் அவளிடம்தான் கொடுப்பேன். கை பழகிவிட்டது. அது தாமரைச்செல்வி என்பதோ, தாளில் என்ன இருக்கிறது என்பதோ அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவே இல்லை.

பாதி வழியில் நினைவு வந்தது. ஓடினேன் என்றே சொல்ல வேண்டும், இந்த வயதில். போனபோது அச்செடுத்து, ஓரம் தட்டி, அடுக்கி வைத்திருந்தாள்.

"முடிச்சிட்டேன்க்கா. பிழையும் பாத்துட்டேன். ஒண்ணு மட்டும் கேக்கணும்."

"கேளு."

"பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு ஆகிய கோரிக்கைகளைச் சங்கம் வலியுறுத்தவில்லைன்னு போட்டிருக்கு. நான் வலியுறுத்துனேனேக்கா. எட்டு நாளா."

"அது ஆபீஸ் பாஷைம்மா. அப்படித்தான் எழுதணும்."

"கடைசியில இருக்கிறதுதான் மனசுல நிக்கும்னிய."

அதை விட்டுவிட்டு வேறு பேசினேன். பேசாமலே இருந்திருக்கலாம். "முதல்ல நிரந்தரம் ஆயிரட்டும். சரிபார்ப்பு ஒரே ஒரு நாள்தான. அன்னைக்கு மட்டும் ஒரு பேன்ட் சட்டையைப் போட்டுட்டு வந்து..."

இதைச் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்.

அவள் அழவில்லை. "ஒரு நாள் இல்லக்கா" என்றாள். "அன்னைக்கு அப்படி நின்னு வாங்கிட்டேன்னா, நான் ரிட்டயர் ஆகுத வரைக்கும் அந்தப் பேருதான். இருபத்தாறு வருசம் அந்த ஆளுக்குத்தான் வேலை. நான் அவனுக்குப் பதிலா தினம் வந்துட்டுப் போவேன்."

பிறகு மூன்று பிரதியையும் ஸ்டேப்ளர் பின் அடித்தாள். "பின் தீந்துபோச்சு, நாளைக்கு வாங்கணும்" என்றாள். போய்விட்டாள். அறையில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் படித்தேன். ஒரு பிழை இல்லை. அந்த வரியில்கூட ஒரு புள்ளி பிசகவில்லை.

பிப்ரவரி 25, புதன்

ஒப்பந்தத்தைப் பொதுக்குழுவில் வரிவரியாக வாசித்து, கை தூக்கச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது எங்கள் சங்க விதி. வாசிப்பது எப்போதும் நான். பந்தல் நிறைய ஆள், முந்நூறு பேர் இருக்கும். மூன்றாவதை வாசித்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நெல்லையப்பன் என்று ஒரு ஓட்டுநர், பதினோரு வருடமாகத் தொகுப்பூதியம், துண்டால் கண்ணைத் துடைத்தார்.

பன்னிரண்டுக்கு வந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி வேகமாக வாசித்து அடுத்ததுக்குப் போய்விடுவேன். அப்படித்தான் வாசித்தேன். முத்துப்பேச்சி எழுந்து நின்றுவிட்டாள்.

"யம்மா, வலியுறுத்தலன்னா என்ன? இந்தப் பிள்ளை எட்டு நாளாத் தொண்டை கிழியக் கத்துச்சே, அது என்னது?"

சுடலைமுத்து மைக்குப் பக்கம் குனிந்து, "தோழர்களே, இந்த மூன்றையும் நிர்வாகம் ஏற்க மறுத்துவிட்டது" என்றார். வருடா வருடம் சொல்வது. தாமரைச்செல்வி நாலாவது வரிசையில் ராமலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுக்கல" என்றேன். மைக் என் கையில்தான் இருந்தது. "அவங்க மறுக்கல. நாமதான் விட்டோம். விடுறதுக்குன்னேதான் அதைக் கடைசியில வச்சேன். பட்டியல் எழுதுனது நான்தான்."

ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. என்னமோ பெரிய நல்ல மனசு என்று யாரும் எண்ண வேண்டாம். நான்கு பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லாமல் அடித்துக் கொடுத்திருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் பொய் வாசிக்க முடியவில்லை.

முத்துப்பேச்சி உட்காரவில்லை. "அப்போ எங்களது? ஆறு வருசமா அதே எடத்துலதான இருக்கு? நீங்க கேட்டும் அவ்வோ தரலன்னுல்லா நாங்க இருந்தோம்."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மெல்ல உட்கார்ந்தாள்.

அப்புறம் ஒரே இரைச்சல். நெல்லையப்பன் மேடைக்கே வந்துவிட்டார். "கைக்கு எட்டுனதை வாய்க்கு எட்ட விடாமப் பண்ணிட்டியளேக்கா. எம் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?" அவர் கேட்டதிலும் தப்பில்லை. தாமரைச்செல்வியே விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று சுடலைமுத்து எதிர்பார்த்தார். மைக்கை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். கோஷம் போடுகிற குரல் இல்லை, சாதாரணமாகப் பேசினாள்.

"நெல்லையப்பண்ணன் நிரந்தரம் ஆகணும். நான் வேண்டாம்னு சொல்லல. எனக்காகப் போராட்டத்தை நீட்ட வேண்டாம்னு நான் சொல்லுவேன்னு நிறையப் பேர் பாத்துக்கிட்டு இருக்கிய. நான் சொல்ல மாட்டேன். நாப்பத்தாறுல நானும் ஒருத்தி. என்னையத் தள்ளிட்டு எண்ணுனா நாப்பத்தஞ்சுதான் வரும். அதை நாப்பத்தாறுன்னு எழுதாதீங்க."

வேறொன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

கை தூக்கச் சொன்னோம். ஒப்பந்தத்தை ஏற்பதற்கு நூற்று முப்பத்து நான்கு. ஏற்க வேண்டாம் என்று நூற்று அறுபத்தொன்று. ராமலெட்சுமி இரண்டு கையையும் தூக்கினாள், ஒன்றைக் கீழே இறக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நெல்லையப்பன் எதற்கும் தூக்கவில்லை.

பந்தலைப் பிரிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம்.

பிப்ரவரி 26, வியாழன்

பொறுப்பிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தேன். சுடலைமுத்து படிக்காமலே வாங்கிக்கொண்டார். "பதினெட்டு வருசத்தை ஒரே நிமிசத்துல கவுத்திட்டியளே யக்கா" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

மறுபடி பேச்சுவார்த்தை. சுடலைமுத்து, முத்துப்பேச்சி, தாமரைச்செல்வி மூன்று பேரும் உள்ளே போனார்கள். நான் பந்தலில் கடைசி வரிசையில். பக்கத்தில் இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை. மோர் பாக்கெட் கொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள்.

உள்ளே நடந்ததைச் சுடலைமுத்து வெளியே வந்து சொன்னார். அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை. பதிவாளர் எடுத்ததும் கடைசி மூன்றைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். முத்துப்பேச்சி பட்டியலை அவர் பக்கம் தள்ளி, "எனக்கு எழுத்து தெரியாதுய்யா. எது கடைசி, எது முதல்னு நீங்களே சொல்லுங்க" என்றிருக்கிறாள். அவர் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டியதாகிவிட்டது. கையுறை இல்லாமல் என்ன அள்ளுகிறோம் என்று அவள் சொல்லத் தொடங்கியதும் பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாராம்.

முடிவு ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு வாரம் உட்கார வேண்டியிருக்கும்.

மார்ச் 14, சனி

நேற்று புது ஒப்பந்தம் கையெழுத்தானது. இவருக்கு ஊசி போட்டு வந்தோம்.

மார்ச் 27, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள், கூட்டம் குறைந்தபின் போய் நின்று படித்தேன். நாற்பத்தாறு பேரும் நிரந்தரம். முப்பத்தொன்றாவது பெயர் தாமரைச்செல்வி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து பதிவேட்டில் பெயரும் பாலினமும் திருத்தப்படும், ஒன்பது வருடப் பணியும் தொடரும். கையுறை வருகிறது. உடை மாற்றும் அறை அடுத்த கல்வியாண்டில். கழிப்பறை பரிசீலனையில். பரிசீலனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ராமலெட்சுமி அதற்குள் ஒரு மனுவோடு கிளம்பிவிட்டாள்.

ஒரு பாக்கெட் காராச்சேவு வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினேன். தாமரைச்செல்வி தனியாகக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபது நாள் வேலை தேங்கிக் கிடக்கிறது.

"வாங்கக்கா. உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உத்தரவு பாத்தேன். பேர் சரியாப் போட்டிருக்காங்க."

"ம்."

காராச்சேவை மேசையில் வைத்தேன். அவள் பிரிக்கவில்லை. ஒரு கட்டுக்குச் சணல் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். செயற்குழுல எங்களது வேண்டாம்னு முதல்ல கை தூக்குனது யாருன்னு ஜெபமணி அண்ணன்ட்ட கேட்டேன். அவ்வோ சொல்ல மாட்டேன்னுட்டாவ. நீங்க சொல்லுதியளா?"

இந்த நோட்டில்கூட நான் எழுதாததை அவள் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. சுடலைமுத்து என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"நான்தான்" என்றேன். "யாரும் தூக்குறதுக்கு முன்னாடி. சரிபார்ப்பு அன்னைக்கு அனுசரிச்சுக்கிடலாம்னு சொன்னதும் நான்தான்."

அவள் சேலையில் ஒட்டியிருந்த சணல் நாரைத் தட்டிவிட்டாள். கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"எல்லார்ட்டயும் போய் நன்றி சொல்லிட்டேன்க்கா. கூட்டத்துல உண்மையச் சொன்னியளேன்னு உங்களுக்குச் சொல்லணுமா, வேண்டாமான்னு மட்டும் இத்தன நாளாத் தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சிட்டு" என்றாள்.

பிறகு அடுத்த கட்டை எடுத்து எண்களைச் சரிபார்க்கத் தொடங்கினாள். நான் எழுந்து வந்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துத்தான் நான் மூன்று மாடி ஏறிப் போயிருந்தேன்.